ஆந்திரோமெடா அண்டத்தின் தொலைவும் பலபொருள் ஒருசொல்லும்

ஒரு சொல் பல பொருள் குறித்து நிற்றல் மொழிக்கு இயல்பு. தொல்காப்பியனார் கிளவியாக்கத்துள் இத்தகைய சொற்களை எடுத்துக்கொண்டு, அவை கருதிய பொருளை எவ்வாற்றான் விளக்கி நிற்கும் என்பதற்கு நெறி வகுத்துள்ளார். 'மா' என்றவழி மரமோ, விலங்கோ, வண்டோ என ஐயுறுவானுக்குப் 'பூத்தது' என்னும் வினை வந்து மரமெனத் தெளிவிக்கின்றது. வினை வாராதவழி ஐயம் ஐயமாகவே நிற்கும். இதனினும் இடர் மிகுந்தது ஒன்று உண்டு. சொல் பல பொருட்கு உரியது என்பதனையே ஒருவன் அறியாதிருத்தல் அது. அவனுக்கு ஐயமே தோன்றாது; தான் அறிந்த ஒரு பொருளையே எல்லா இடத்தும் ஏற்றி முடிவு கூறிவிடுவான்.

விண்மீன்களையும் அண்டங்களையும் நோக்கி ஆராய்ந்த வானூலார் இவ்விடர்ப்பாட்டில் ஒருமுறையன்று, மும்முறை சிக்கினர். மும்முறையும் அவர்தம் ஆராய்ச்சிக்கு நடுவாக நின்ற பொருள் ஒன்றே. ஆந்திரோமெடா என்னும் விண்மீன் கூட்டத்தினிடையே வெறுங்கண்ணுக்கும் புலனாகும் மங்கலான ஒளித்திட்டே அது. நம் விண்மீன் தொகுதியின் உள்ளே கிடக்கும் புகைத்திரளோ, அன்றி அதற்குப் புறம்பே நெடுந்தொலைவில் நிற்கும் பிறிதொரு தொகுதியோ என்னும் வினாவிற்கு விடை காணப் பல தலைமுறையினர் உழைத்தனர். 1925 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் விடை வெளிப்பட்டது. எனினும் அவ்விடையிற் கூறிய தொலைவு உண்மையிற் பாதிக்கு மேற்படாது என்பது 1952 இல் தெரியவந்தது. அவ்வரலாற்றை, அதன்கண் நேர்ந்த பிழைகள் எவ்வகைப் பிழைகள் என்னும் நோக்கோடு ஈண்டு எடுத்துரைப்பாம்.

சொல்லாட்சி பற்றி ஒன்று முற்கூற வேண்டும். பலகோடி விண்மீன்கள் ஈர்ப்பாற் கூடி ஒரு தொகுதியாக நிற்பதனை மேனாட்டார் கேலக்சி என்பர். தமிழில் அதனை அண்டம் என்றும், விண்மீன் மண்டலம் என்றும், பேரடை என்றும் பலர் பலவாறு வழங்குகின்றனர். மண்டலம் என்பது ஞாயிற்றுக் குடும்பத்திற்கும் வழங்குதலின் மயக்கந்தரும். அண்டம் என்னும் சொல்லும் குற்றமற்றதன்று. நம் முன்னோர் உலகனைத்தையும் உள்ளடக்கிய கோளத்தை அச்சொல்லாற் குறித்தனர். குறுமை பற்றி இக்கட்டுரையில் அண்டம் என்றே ஆள்கின்றோம். நம் ஞாயிறு உறுப்பாக அமைந்த அண்டம் பால்வீதி எனப்படும். ஒளி ஓராண்டிற் செல்லும் தொலைவு ஒளியாண்டு. அஃது ஏறத்தாழ 9½ இலட்சம் கோடி கிலோமீட்டர்.

முகில் என்னும் பெயர்

ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களின் முன்னிரவில், விளக்கொளி இல்லாத இடத்தினின்று வடவானை நோக்குவார் அவ்வொளித்திட்டைக் காணலாம். உத்திரட்டாதி நாண்மீனைச் சேர்ந்ததாகக் கொள்ளப்பெறும் ஒரு மீனே ஆந்திரோமெடாக் கூட்டத்தின் தலைமீன். அதற்கு வடகிழக்கே சிறிது தொலைவில் அது தோன்றும். கி.பி. 964 அளவில் விண்மீன் நூல் யாத்த பாரசீக அறிஞர் அல்-சூஃபி அதனை ஒரு சிறு முகிலாகக் குறித்தார். 1612 இல் தொலைநோக்கியால் அதனை நோக்கிய சைமன் மேரியசு என்பார், கொம்பினாற் செய்த மெல்லிய தகட்டின் ஊடே தெரியும் மெழுகுவத்திச் சுடருக்கு அதனை ஒப்பிட்டார். கண்ணாடி அரிதாயிருந்த காலத்து விளக்குக் கூடுகளுக்குக் கொம்புத் தகடு பொருத்தும் வழக்கம் அந்நாட்டில் இருந்தது. நேரிற் கண்டாலன்றி இத்தகைய உவமை வாராது. 1764 இல் பிரெஞ்சு வானூலார் மெசியே தம் பட்டியலில் அதனை 31 ஆம் எண்ணின்கீழ்ச் சேர்த்தார். வால்வெள்ளிகளைத் தேடுவார் இவற்றைக் கண்டு ஏமாறாமைப் பொருட்டே அவர் அப்பட்டியலைத் தொகுத்தார் என்பது நினைக்கத்தக்கது.

இவ்வாறு முகில்போல் தோன்றிய அனைத்தையும் நெபுலா என்னும் இலத்தீன் சொல்லால் வழங்கினர். மூடுபனி, முகில் என்பன அதன் பொருள். நாம் வான்முகில் எனலாம். பெயர் தோற்றம் ஒன்றையே பற்றி எழுந்தது. பொருளின் இயல்பு பற்றி எழுந்ததன்று. தோற்றம் ஒத்த பொருள்கள் இயல்பு ஒத்தனவாதல் வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. ஆயினும் பெயர் ஒன்றாயின், அது குறிக்கும் பொருளும் ஒன்றென எண்ணுதல் மனத்தின் இயல்பு. 1755 இல் செருமானிய மெய்ப்பொருள் அறிஞர் காண்ட்டு, இம்முகில்கள் நம் பால்வீதி போன்ற தனித்தனி விண்மீன் தொகுதிகள் ஆகலாம் என்றார். வில்லியம் ஹெர்சல் சிலகாலம் அக்கருத்தைத் தழுவிப் பின்னர்த் தளர்ந்தார். எல்லாம் விண்மீன் தொகுதியே அல்லது எல்லாம் புகையே என்னும் இருதலையிற் பலரும் நின்றனர். சில இது, சில அது என்பார் அரியராயினர்.

1864 இல் இங்கிலாந்து நாட்டு வில்லியம் ஹக்கின்சு, திராக்கோக் கூட்டத்து வான்முகில் ஒன்றின் ஒளியை நிறமாலை காட்டியினூடே செலுத்தினார். விண்மீனாயின் தொடர்ந்த வண்ணப்பட்டை தோன்றல் வேண்டும். அவர் கண்டனவோ ஒளிமிக்க சில கோடுகளே. ஒளிரும் வளிக்கே அத்தோற்றம் உரியது. வான்முகில்களுள் ஒருசாரன உண்மையில் முகிலே என்பது அன்று உறுதியாயிற்று. ஆந்திரோமெடாவின் நிறமாலையோ தொடர்ந்த பட்டையாகவே இருந்தது. 1899 இல் செருமனியில் சைனர் என்பார் அது ஞாயிற்றின் நிறமாலையை ஒத்தது எனக் காட்டினார். இலக்கண நூலார் கூறும் வினை இங்கே வந்துவிட்டது. ஒரு பெயரின்கீழ் இரு பொருள் உள எனத் தெளிவிக்க அது போதியது. எனினும் அறிஞர் பலர் தெளிந்திலர். 1888 இல் ஐசக் ராபர்ட்சு எடுத்த ஒளிப்படத்தில் ஆந்திரோமெடா திருகிய கைகளோடு தோன்றியபோது, ஒரு ஞாயிற்றுக் குடும்பம் உருவாகி வரும் நிலை அது என்றே அவரும் பிறரும் கொண்டனர். பெயரின் பிடி அத்துணை வலிது.

1885 ஆம் ஆண்டுப் புதுமீன்

1885 ஆகத்தில் ஆந்திரோமெடா முகிலின் நடுவண் அதற்குமுன் இல்லாத ஒரு மீன் தோன்றியது. வெறுங்கண்ணுக்கு எட்டும் எல்லையில் நிற்குமளவு அது பொலிந்தது. முகில் முழுவதும் தரும் ஒளியில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கை அதுவொன்றே தந்தது. பின்னர்ச் சில திங்களில் மங்கி மறைந்தது. இவ்வாறு தோன்றி மறையும் மீன்களுக்கு நோவா, அஃதாவது புதுமீன், என்பது பெயர். நம் பால்வீதியிலும் அவை அவ்வப்போது தோன்றுவன.

இதனினின்று ஒரு வாதம் எழுந்தது. புதுமீன்கள் எல்லாம் உண்மையொளியில் ஏறக்குறைய ஒத்தன என்க. ஆந்திரோமெடாவில் தோன்றியது இத்துணைப் பொலிவோடு தெரிதலின் அது அண்மையில் இருத்தல் வேண்டும். பல இலட்சம் ஒளியாண்டிற்கு அப்பால் உளதாயின், அவ்வொரு மீன் பல கோடி ஞாயிறுகளின் ஒளியை உமிழ்ந்ததாகும். அங்ஙனம் ஆதல் நம்பத்தக்கதோ? நம்பத்தகாதது என்றே அன்று கருதினர். ஆகலின் ஆந்திரோமெடா நம் தொகுதியின் உள்ளது எனத் துணிந்தனர்.

வாதத்தின் ஒவ்வொரு படியும் செம்மையாகவே உள்ளது. பிழை முதற்படியில், 'புதுமீன்' என்னும் பெயரில், ஒளிந்திருந்தது. 1917 முதல், கலிபோர்னியாவில் லிக் வானாய்வுக் கூடத்தைச் சார்ந்த ஹெபர் கர்ட்டிசு, வேறு திருகுமுகில்களிலும் தோன்றிய புதுமீன்களைப் பழைய ஒளிப்படத் தகடுகளில் தேடிக் கண்டார். அவை 1885 ஆம் ஆண்டு மீனினும் பல்லாயிர மடங்கு மங்கியன. புதுமீன்கள் இருவகையாதல் இயலாததன்று என அவர் 1921 இல் அச்சிட்ட கட்டுரையில் எழுதினார். அக்கருத்து 1934 அளவில் பாடேயும் சுவிக்கியும் எழுதிய கட்டுரைகளால் நிலைபெற்றது. பெருவகைக்குச் சூப்பர் நோவா எனப் பெயரும் அமைந்தது. விண்மீனின் உடலே வெடித்துச் சிதறுதல் அது. இன்று நாம் அறிந்த தொலைவினைக் கொண்டு கணக்கிடின், 1885 ஆம் ஆண்டு மீன் நூறுகோடி ஞாயிறுகளினும் மிக்க ஒளி உடையதாயிருந்தது. நம்பத்தகாதது எனத் தள்ளப்பட்டதே உண்மையாயிற்று.

காண்டல் அளவையிற் பிழை

மேற்கூறியவை கருதல் அளவையில் நேர்ந்த பிழைகள். காண்டல் அளவையில் நேர்ந்த பிழையொன்றும் இவ்வரலாற்றில் உண்டு. மணிமேகலையிலும் சிவஞான சித்தியாரிலும் அளவை பற்றிய பகுதிகளைப் பயின்றார், காட்சியுள்ளும் ஐயமும் திரிபும் உள என்பதனை நன்கறிவர்.

அமெரிக்க நாட்டு வில்சன் மலை வானாய்வுக் கூடத்தில் பணியாற்றிய ஆட்ரியான் வான் மானென் விண்மீன்களின் இடப்பெயர்ச்சியை அளப்பதில் தேர்ந்தவர். ஒரே திருகுமுகிலைச் சில ஆண்டு இடைவெளியில் எடுத்த இரு தகடுகளைக் கருவியிற் பொருத்தி, முகிலின் கைகளில் உள்ள ஒளிப்புள்ளிகள் அயலிலுள்ள மீன்களை நோக்க எவ்வளவு பெயர்ந்துள்ளன என அளந்தார். மெசியே பட்டியலின் 101 ஆம் முகில் 85,000 ஆண்டிற்கு ஒருமுறை சுழல்கின்றது என்பது அவர் 1916 இல் வெளியிட்ட முடிவு. தொடர்ந்து வேறு திருகுமுகில்களையும் அளந்தார். அவையும் அவ்வாறே சுழல்வனவாகத் தோன்றின.

அவர் கண்ட பெயர்ச்சி ஆண்டிற்கு வில்விகலையில் ஐம்பதில் ஒரு பங்கு, அஃதாவது 0.02. கணக்கு எளிது. முகில் 10 இலட்சம் ஒளியாண்டுத் தொலைவில் இருப்பின், அப்பெயர்ச்சி ஒளியின் வேகத்திற் பத்தில் ஒரு பங்கு ஆகும். ஒரு கோடி ஒளியாண்டாயின் ஒளியின் வேகத்தையே ஏறத்தாழ எட்டும். 101 ஆம் முகில் உண்மையில் ஏறத்தாழ 2 கோடி ஒளியாண்டிற்கு அப்பால் உள்ளது. வான் மானென் அளவு மெய்யாயின் அதன் கைகள் ஒளியினும் இருமடங்கு விரைந்து ஓடல் வேண்டும். அஃது இயலாது. ஆகவே திருகுமுகில்கள் அண்மையில் உள்ளன என்பது முடிவு. இதன்கண் பெயர்மயக்கம் ஏதுமில்லை. நேரே கண்டு அளந்தது என்னும் வலிமை மட்டும் உண்டு.

1920 ஏப்ரல் 26 அன்று வாசிங்டன் நகரில் அமெரிக்க நாட்டு அறிவியற் கழகத்தின் கூட்டத்தில் ஹார்லோ ஷாப்லியும் கர்ட்டிசும் இப்பொருள் பற்றி உரையாற்றினர். அதனைப் பெருஞ்சொற்போர் எனப் பின்வந்தோர் போற்றுவர். ஷாப்லி, பால்வீதியின் குறுக்களவு 3,00,000 ஒளியாண்டு என்றும், ஞாயிறு அதன் நடுவில் இல்லை என்றும் கூறினார். பின்னது மெய்; முன்னது மும்மடங்கு மிகை. விண்வெளித் துகள்கள் ஒளியை மறைத்து மீன்களை மங்கச் செய்கின்றன என்பதை அவர் கணக்கிற் கொள்ளவில்லை. இத்துணைப் பெரிய பால்வீதி இருக்க, திருகுமுகில்கள் அதனை ஒத்த வேற்றுலகங்கள் ஆதல் சாலாது என்பது அவர் கருத்து. அதற்கு அரணாக நின்றவற்றுள் தலையாயது அவர் நண்பர் வான் மானென் அளவீடு. நண்பர் என்பதை ஈண்டுக் குறிப்பது காரணத்தோடுதான். அவ்வளவீட்டை ஏற்றதற்கு நட்பும் ஒரு காரணம் எனப் பிற்காலத்தில் ஷாப்லியே ஒப்பினார். கர்ட்டிசோ, அவ்வளவீடு இனி வரும் ஆண்டுகளில் உறுதிப்படுமாயின் தம் கொள்கையைக் கைவிடல் நேரும் என நேர்மையோடு ஒப்புக்கொண்டு, இத்துணைச் சிறிய பெயர்ச்சியை இத்துணைக் குறுகிய காலத்தில் அளத்தல் கூடுமோ என ஐயுற்றார். அவ்வையம் நியாயமானது. 60 அங்குலத் தொலைநோக்கியின் தகட்டில் ஐந்தாண்டிற் சேரும் அப்பெயர்ச்சி, ஒரு மில்லிமீட்டரை 250 கூறிட்டால் ஏறத்தாழ ஒரு கூறே.

அளக்கும் கோல் ஒன்று

சொற்போர் முடிவின்றி நின்றதற்குக் காரணம் தொலைவை அளக்கும் கோல் இன்மையன்று, கோல் கிடைத்திருந்தது. அதனை ஆந்திரோமெடாவரை எவரும் நீட்டவில்லை.

1784 இல் இங்கிலாந்து நாட்டு யார்க்கு நகரில் வாழ்ந்த ஜான் குட்ரிக் என்னும் இளைஞர், செபியசுக் கூட்டத்து மீன் ஒன்று 5 நாளும் சில நாழிகையும் கொண்ட காலவட்டத்தில் பெருகியும் சிறுகியும் ஒளிர்வதைக் கண்டார். செவிப்புலன் இல்லாத அவர், தம் 21 ஆம் அகவையில் மறைந்தார். அம்மீனின் இனத்தன எல்லாம் செபீடு மீன்கள் எனப் பெயர் பெற்றன. மாறொளி மீன்கள் பல வகையின. சென்னை வானாய்வுக் கூடத்திற் பணியாற்றிய சிந்தாமணி இரகுநாதாச்சாரியார் 1867 இல் தென்வானத்து ரெட்டிக்குலக் கூட்டத்தில் கண்டறிந்த மாறொளி மீன் வேறோர் இனத்தது. அதன் காலவட்டம் மிக நீண்டது. செபீடுகளோ, சில நாள் முதல் சில பத்து நாள் வரையிலான காலவட்டத்தை நாழிகை தவறாது காப்பன.

அமெரிக்க நாட்டு ஹார்வர்டு வானாய்வுக் கூடத்தில் ஒளிப்படத் தகடுகளை ஆராய்ந்து கணக்கிடும் பணிக்கு மகளிரை அமர்த்தியிருந்தனர். அவருள் ஒருவர் ஹென்ரியேட்டா லீவிட்டு. மணிக்கு 30 செண்டு அவர்தம் ஊதியம். அவருக்கும் செவிப்புலன் குறைந்திருந்தது. தென்னமெரிக்கப் பெரு நாட்டு அரெக்கிப்பாவினின்று வந்த தகடுகளில், மெகல்லன் முகில்கள் எனப்படும் இரு தொகுதிகளில் 1,777 மாறொளி மீன்களை அவர் கண்டு 1908 இல் பட்டியலிட்டார். அவற்றுள் காலவட்டம் நீண்டவை ஒளிமிக்கனவாக இருத்தலை அப்போதே குறித்தார். சிறிய மெகல்லன் முகிலின் 25 மீன்களைக் கொண்டு அத்தொடர்பு ஒழுங்கானது என 1912 இல் நிறுவினார்.

இதன் சிறப்பை ஓர் உவமையால் விளக்கலாம். மலைமேல் நின்று இரவில் நெடுந்தொலைவிலுள்ள ஒரு சிற்றூரை நோக்குவான், அவ்வூர் விளக்குகள் அனைத்தும் தன்னினின்று ஏறக்குறைய ஒரே தொலைவில் உள்ளன எனக் கொள்ளலாம். அங்கே ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் ஒளிரின், அவ்வேறுபாடு விளக்கின் வேறுபாடேயன்றித் தொலைவின் வேறுபாடன்று. மெகல்லன் முகிலின் மீன்களும் அத்தகையன. ஆகவே காலவட்டத்தை அறிந்தால் உண்மையொளியை அறியலாம். உண்மையொளியைத் தோற்ற ஒளியோடு ஒப்பிட்டால் தொலைவை அறியலாம். தொலைவு இருமடங்காயின் ஒளி நான்கில் ஒன்றாகக் குறையும் என்னும் விதியன்றி வேறு வேண்டா. அண்மையிலுள்ள சில செபீடுகளின் தொலைவை வேறு முறையால் அறிந்துகொண்டால் கோல் முற்றுப்பெறும். 1913 இல் ஹெர்ட்சுபுருங்கும் பின்னர் ஷாப்லியும் அதனைச் செய்தனர். லீவிட்டு 1921 திசம்பரில் மறைந்தார். அவரை நோபல் பரிசிற்கு முன்மொழியக் கருதி 1925 இல் சுவீடன் நாட்டுக் கணித அறிஞர் மித்தாக்-லெஃப்லர் எழுதிய மடல், அவர் இறந்து மூன்றாண்டு கழிந்தபின் வந்தது.

1923 அக்டோபர்

வில்சன் மலையில் 100 அங்குலத் தொலைநோக்கியைக் கொண்டு எட்வின் ஹபிள் ஆந்திரோமெடாவிற் புதுமீன்களைத் தேடிவந்தார். 1923 அக்டோபர் 5 ஆம் நாள் இரவில் எடுத்த தகட்டில் மூன்று புதிய புள்ளிகளைக் கண்டு, ஒவ்வொன்றின் அருகிலும் நோவாவைக் குறிக்கும் எழுத்தை மையால் இட்டார். பின்னர்ப் பழந்தகடுகளை எடுத்து ஒப்பிட்டபோது, அவற்றுள் ஒன்று புதிதாகத் தோன்றியதன்று. முன்னரும் பலகால் பெருகியும் சிறுகியும் தெரிந்துள்ளது எனக் கண்டார். முன்னிட்ட எழுத்தைக் கோடிட்டு அடித்துவிட்டு, மாறொளி மீன் என்பதன் சுருக்கத்தை வியப்புக்குறியோடு எழுதினார். ஏட்டுச்சுவடியைப் பதிப்பிப்பார் ஒரு பாடத்தை அடித்து மற்றொன்றை ஓரத்தில் எழுதுவதனை இது நினைவூட்டும். வேறுபாடு என்னையெனின், இவ்வொரு திருத்தத்தால் உலகின் எல்லை பெயர்ந்தது. அத்தகடு கலிபோர்னியாவில் பாசதேனா நகரில் இன்றும் காக்கப்பெறுகின்றது.

அம்மீனின் காலவட்டம் 31.4 நாள். அது செபீடு என்பதில் ஐயமில்லை. லீவிட்டின் தொடர்பை ஏற்றிக் கணக்கிட, ஞாயிற்றினும் பல்லாயிர மடங்கு ஒளியுடைய மீன் அது என்பதும், அத்துணை மங்கித் தோன்றுதற்கு ஏறத்தாழ 9,30,000 ஒளியாண்டிற்கு அப்பால் இருத்தல் வேண்டும் என்பதும் பெறப்பட்டன. ஷாப்லி கூறிய மிகையான பால்வீதியும் 3,00,000 ஒளியாண்டே. அவ்வெல்லையையும் ஆந்திரோமெடா மும்மடங்கு கடந்து நின்றது. 1924 பிப்ரவரியில் ஹபிள் இதனை ஷாப்லிக்கு மடலால் அறிவித்தார். அதனைப் படித்த ஷாப்லி, தாம் கொண்டிருந்த உலகம் அம்மடலால் அழிந்தது என அருகிருந்த இளம் ஆய்வாளர் செசிலியா பெய்னிடம் கூறினார் என்பர்.

ஆயினும் ஹபிள் உடனே அச்சிட்டாரல்லர். ஓராண்டளவு தயங்கினார். வான் மானென் அளவீடு தம் முடிவோடு நேரே முரணுவதுதான் காரணம் எனப் பின்னர் மடலொன்றில் விளக்கினார். தம் கூடத்திலேயே பணிபுரியும் ஒருவர் நேரே அளந்து கண்டதனை, மீன் ஒளியிலிருந்து கருதிப் பெற்ற தொலைவு மறுக்கலாமோ? அவர் செய்தது, மறுத்து எழுதுவதன்று; சான்றைப் பெருக்குவது. ஆந்திரோமெடாவில் 12 செபீடுகளும், அயலிலுள்ள 33 ஆம் முகிலில் 22 செபீடுகளும் கண்டபின்னரே இசைந்தார். 1925 சனவரி முதல் நாள் வாசிங்டனில் நிகழ்ந்த கூட்டத்தில் அவர் கட்டுரையை ஹென்ரி நாரிசு ரசல் படித்தார். ஹபிள் அங்கு இலர். காண்டல் கருதலினும் வலிது என்னும் பொதுவிதிக்கு மாறாக, இங்கே பல சான்றால் ஒருமுகமாக அமைந்த கருதல் வென்றது. எனக்குத் தோன்றுவது, அஃது விதிவிலக்கு அன்று என்பதே. வான் மானென் கண்டது காட்சியன்று, திரிபுக்காட்சி.

1935 இல் ஹபிள், பாடே, நிக்கல்சன் ஆகியோர் அதே திருகுமுகில்களை மீண்டும் அளந்து, குறிப்பிடத்தக்க பெயர்ச்சி இல்லை எனக் கண்டனர். அவ்வாண்டில் வான் மானெனும் தம் முடிவுகளை ஐயத்தோடு கொள்ளுதல் வேண்டும் என்னும் அளவிற்கு இசைந்தார். தேர்ந்த கையர் ஒருவர் பல முகில்களிலும் ஒரே போக்கில் பிழைத்தது எவ்வாறு என்பதற்கு எல்லாரும் ஏற்கும் விடை இன்றளவும் இல்லை. 33 ஆம் அண்டத்தின் சுழற்சியை 2005 இல் வானொலித் தொலைநோக்கிகளால் உண்மையிலேயே அளந்தனர். அப்பெயர்ச்சி வான் மானென் கண்டதில் ஆயிரத்தில் ஓரிரு பங்கே.

செபீடு என்னும் பெயர்

ஆந்திரோமெடா வேற்றண்டம் என்பது முடிந்தது. தொலைவோ முடியவில்லை. ஹபிள் பின்னர் அண்டங்கள் விலகிச்செல்லும் வேகத்தையும் தொலைவையும் ஒப்பிட்டு விதி கண்டார். அவ்விதியைக் கொண்டு பின்னோக்கிக் கணக்கிட, உலகு விரியத் தொடங்கி ஏறத்தாழ 200 கோடி ஆண்டே ஆயிற்று எனப் பெறப்பட்டது. புவியின் அகவையோ 300 கோடி ஆண்டிற்கும் மேற்பட்டது எனக் கதிரியக்கத்தால் அறிந்திருந்தனர். மகன் தந்தையினும் மூத்தவன் என்பது போன்ற முரண் இது.

விடை எதிர்பாராத இடத்தினின்று வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது வால்ட்டர் பாடே செருமானியக் குடிமகனாயிருந்தமையின் படைத்துறை ஆய்வுகளில் அவரைச் சேர்த்திலர். வில்சன் மலைத் தொலைநோக்கி பெரிதும் அவருக்கே வாய்த்தது. போர்க்கால இருட்டடிப்பால் லாசு ஏஞ்சலசு நகர விளக்குகளும் அவிந்திருந்தன. செந்நிற ஒளிக்கு உணர்வுடைய தகடுகளைக் கொண்டு 1943 இல் அவர் ஆந்திரோமெடாவின் நடுப்பகுதியைத் தனித்தனி மீன்களாகப் பிரித்துக் கண்டார். கைகளில் நீலநிற இளமீன்களும், நடுவில் செந்நிற முதுமீன்களும் இருந்தன. விண்மீன்கள் இரு குலத்தன என அவர் 1944 இல் வெளியிட்டார்.

போருக்குப்பின் பலோமர் மலையில் 200 அங்குலத் தொலைநோக்கி வந்தது. ஹபிள் கூறிய தொலைவில் ஆந்திரோமெடா இருப்பின், முதுகுலத்து லைரா வகை மாறொளி மீன்கள் அதன் தகடுகளில் தெரிதல் வேண்டும். தெரியவில்லை, அவற்றினும் ஒளிமிக்க செம்மீன்களே தகட்டின் எல்லையில் தோன்றின. ஆகவே ஆந்திரோமெடா இன்னும் அப்பால் உளது. பிழை எங்கே? செபீடு என்னும் பெயரில். இளங்குலத்துச் செபீடுகளும் முதுகுலத்துச் செபீடுகளும் ஒத்த காலவட்டத்திற்கு ஒத்த ஒளி உடையன அல்ல. முன்னவை ஏறத்தாழ நான்கு மடங்கு ஒளிமிக்கன. கோலை அளவிட்டபோது இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிட்டனர். ஹபிள் ஆந்திரோமெடாவிற் கண்டவை இளங்குலத்தன. ஒளி நான்கு மடங்காயின் தொலைவு இருமடங்கு. 1952 இல் உரோம் நகரில் கூடிய அனைத்துலக வானூலார் மாநாட்டில் பாடே இதனைக் கூறினார். தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்திருந்த தாக்கரே, மெகல்லன் முகில் பற்றிய தம் ஆராய்ச்சியும் இதற்கு இயைவது என எழுந்து உரைத்தார். உலகின் அளவும் அகவையும் ஒரே கூட்டத்தில் இருமடங்காயின.

அதன்பின் செய்த திருத்தங்களால் ஆந்திரோமெடாவின் தொலைவு இன்று ஏறத்தாழ 25 இலட்சம் ஒளியாண்டு எனக் கொள்ளப்படுகின்றது. 1923 இல் ஹபிள் குறித்த அதே மீனை 2010 திசம்பரிலும் 2011 சனவரியிலும் அவர் பெயர் தாங்கிய விண்வெளித் தொலைநோக்கி மீண்டும் படம்பிடித்தது.

செபீடு பற்றிய வினா இன்னும் ஓய்ந்திலது. செபீடுகளைப் படியாகக் கொண்டு அளப்பார், 32.6 இலட்சம் ஒளியாண்டுத் தொலைவிற்கு நொடிக்கு ஏறத்தாழ 73 கிலோமீட்டர் வீதம் உலகு விரிகின்றது என்பர். தொல்காலத்து எஞ்சிய நுண்ணலை ஒளியினின்று கணக்கிடுவார் 67 என்பர். செறிந்த மீன்களிடையே செபீடின் ஒளியோடு அயல் மீன்களின் ஒளி கலந்து அளவைப் பிழைபடுத்தியதோ எனச் சிலர் ஐயுற்றனர். 2023 இல் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் கூர்மையான படங்களைக் கொண்டு ஆராய்ந்தோர், அக்கலப்பு இவ்வேறுபாட்டிற்குக் காரணமன்று எனக் கண்டனர். உலோக மிகுதி குறைவுகளால் செபீடுகளின் ஒளி எவ்வளவு வேறுபடும் என்பதனை இன்று அளந்துவருகின்றனர்.